கரண்டு சேர்த்து வாடகை

பாளையங்கோட்டையில் மாடி வாடகைக்குக் கேட்டால், முன்பணத்துக்கு அடுத்த பேச்சு கரண்டுதான். தனி மீட்டரா, சப்-மீட்டரா, 'சேர்த்து'தானா? பெருமாள்புரத்தில் நான் குடியிருந்த ஆச்சி வீட்டு மாடி மூன்றாவது வகை. கரண்டு, ஆத்துத் தண்ணி எல்லாம் வாடகைக்குள் அடக்கம். கணக்கு மட்டும் ஆச்சியின் காதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் படியிறங்கும்போதே, "தம்பி, பேன அமத்திட்டீயளா?" என்பார்.

500 என்ற எண்ணுக்கு அவர் பயந்ததில் நியாயம் உண்டு. வாரியம் கணக்கெடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அன்றைய கட்டணப்படி 500 யூனிட்டில் நின்றால் 1130 ரூபாய். 501 ஆனால் 1786. கடைசி ஒரு யூனிட் அறுநூறு ரூபாய்க்கு மேல் கேட்கும். அதனால் ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரத்தில் கீழே கிரைண்டர் ஓடாது. மாவு கடையிலிருந்து வரும். மேலே இஸ்திரிப் பெட்டி எடுத்தால் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ரீடிங் எழுதிய பழைய வெள்ளை அட்டைகளையும் அவர் தூக்கிப் போடவில்லை. 2012-இன் வரிகளைக் காட்டிச் சிரிப்பார். அந்த வருஷம் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால், எங்கள் பக்கம் பாதி நாள் கரண்டு கிடையாது. அப்போது மாடியில் குடியிருந்தவர், "இல்லாத கரண்டுக்கு எதுக்கு ஆச்சி சேத்து வாடகை?" என்று கேட்டாராம். "நானாய்யா நிறுத்துனேன்?" வாடகை குறையவில்லை.

பிறகு நாகர்கோவிலில் சப்-மீட்டர் வீடு. யாரும் எதையும் அமத்தச் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க விசிறி ஓடினாலும் கேள்வி கிடையாது. சுதந்திரம் என்றே நினைத்தேன். 2016 மே முதல் வீட்டு இணைப்புக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் அந்தச் சலுகை இணைப்புக்குத்தான், குடித்தனத்துக்கு அல்ல. மூன்று போர்ஷனுக்கும் ஒரே இணைப்பு. எங்களுக்கோ முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்.

ஆச்சி வீட்டிலும் அந்த நூறு யூனிட் அவருக்குத்தான் போனது. ஆனால் நான் கூடுதலாகச் செலவழித்த ஒவ்வொரு யூனிட்டும் அவர் பையிலிருந்து போனது. அதனால்தான் அத்தனை அதட்டல். நாகர்கோவிலில் என் விசிறி ஓட ஓட வீட்டுக்காரருக்கு வரவு. அவர் ஏன் அமத்தச் சொல்லப்போகிறார்?