எழுதுவதுதான் பாடு

எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை வைத்தே மின்னணுவியல் இத்தனை காலம் பிழைத்தது. கூடவே வரும் ஸ்பின்னைக் கம்பியில் யாரும் சட்டை செய்யவில்லை. செம்பில் மேல் ஸ்பின்னும் கீழ் ஸ்பின்னும் சரிபாதி. ஒன்றுக்கொன்று சரிக்கட்டிப் போய்விடும். இரும்பு, கோபால்ட், நிக்கலில் ஒரு பக்கம் மிகுதி. இவற்றின் காந்தம் பெரும்பாலும் அந்த மிகுதிதான்.

*

ஸ்பின் என்றதும் மனதில் வரும் பம்பரப் படத்தை நம்ப வேண்டாம். 1925-ல் லைடனில் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் ஸ்பின் யோசனையை எழுதினார்கள். இயற்பியலாளர் லோரன்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார்: எலெக்ட்ரான் உண்மையிலேயே சுழன்றால் அதன் மேற்பரப்பு ஒளியை விட வேகமாக ஓட வேண்டிவரும். பயந்துபோய்க் கட்டுரையைத் திரும்ப வாங்கப் போனால், அவர்களின் பேராசிரியர் எரன்ஃபெஸ்ட் அதை ஏற்கெனவே இதழுக்கு அனுப்பிவிட்டிருந்தார். சுழலாமலே சுழற்சிக்குரிய கணக்கு மட்டும் உண்டு. அவ்வளவுதான்.

*

1988. பிரான்ஸின் ஓர்சேயில் ஆல்பர்ட் ஃபெர்ட், ஜெர்மனியின் யூலிஷில் பீட்டர் குருன்பெர்க். தனித்தனியாக ஒரே விஷயம். இரும்பு, குரோமியம், மறுபடி இரும்பு என்று அடுக்கு. குரோமியத்தின் தடிமன் 1 நானோமீட்டரை ஒட்டி. பக்கத்துப் பக்கத்து இரும்பு அடுக்குகள் எதிரெதிராகக் காந்தமாகி நிற்கும். வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்தால் எல்லாம் ஒரே திசைக்கு வரும், மின்தடை சரியும். ஃபெர்ட்டின் பல அடுக்கு மாதிரியில், திரவ ஹீலியக் குளிரில், ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது.

காரணம் எளிது. இரும்பின் காந்தத் திசையைப் பொறுத்து ஒரு வகை ஸ்பின் அதிகம் சிதறும், மற்ற வகை குறைவாகச் சிதறும். அடுக்குகள் ஒரே திசையில் இருந்தால் ஒரு வகைக்காவது கடைசி வரை வழி கிடைக்கும். எதிரெதிராக இருந்தால் இரண்டு வகையும் எங்காவது ஓர் அடுக்கில் மாட்டிக்கொள்ளும். இந்த வேறுபாடு தெரிய வேண்டுமானால், எலெக்ட்ரான் தன் ஸ்பின்னை மறப்பதற்குள் அடுத்த அடுக்கை எட்ட வேண்டும். நானோ என்பது இங்கே கட்டாயம்.

*

ஆய்வகத்திலிருந்து கடைக்கு ஒன்பதே ஆண்டு. அதில் பெரும்பங்கு ஐபிஎம்மின் ஸ்டூவர்ட் பார்கினுடையது. உயர் வெற்றிடத்தில் மெல்ல மெல்ல அணு படியவைக்கும் முறையை விட்டுவிட்டு, தொழிற்சாலைக்குத் தோதான ஸ்பட்டரிங் முறையில் உலோகத்துக்கு உலோகம் மாற்றிப் படியவைத்துப் பார்த்தார். 1997-ல், பிட்டின் காந்தத் திசையை இந்த மின்தடை மாற்றத்தால் படிக்கும் முனையோடு, ஐபிஎம்மின் 16.8 ஜிபி ஹார்டு டிஸ்க் வந்தது. 2007 நோபல் ஃபெர்ட்டுக்கும் குருன்பெர்க்குக்கும். மூவர் வரை தரலாம் என்ற விதி இருந்தும் பார்கினுக்கு இல்லை. அது குறைதான்.

*

இரண்டு காந்த அடுக்குகளுக்கு நடுவில் உலோகத்துக்குப் பதில் 1 நானோமீட்டர் மெக்னீசியம் ஆக்சைடு வைத்தால் எலெக்ட்ரான் துளைத்துக்கொண்டு போகும். 2004-ல் பார்கின் குழுவும் ஜப்பானில் யுவாசா குழுவும் அறை வெப்பத்திலேயே மின்தடையில் 200 சதவீதத்தை ஒட்டிய மாற்றம் காட்டினார்கள். படிக்கும் பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்தது.

*

எழுதுவது? 1996-ல் ஸ்லோன்செவ்ஸ்கியும் பெர்கரும் தனித்தனியே சொன்ன வழி: நிலையான காந்த அடுக்கு வழியாக மின்னோட்டத்தை விட்டால் எலெக்ட்ரான்கள் ஒரே பக்க ஸ்பின்னோடு வெளிவரும், அடுத்துள்ள மெல்லிய அடுக்கின் காந்தத்தை அவையே திருப்பிவிடும். எம்ராம் எனும் காந்த நினைவகங்கள் பலவற்றில் இன்று இதுதான் வேலை செய்கிறது.

*

ஒரு கணக்கு. காந்தம் தானாகப் புரளாமல் காக்கும் ஆற்றல் தடுப்பு, சுற்றுப்புற வெப்ப ஆற்றலைப் போல் 40 மடங்கு என்று வைப்போம். புரள முயலும் இடைவெளி 1 நானோநொடி. ஒரு பிட் சராசரியாக ஏழரை ஆண்டு தாங்கும். காந்தத் துண்டின் பருமனை மட்டும் பாதியாக்குங்கள்: தடுப்பு 20 மடங்காகும், நினைவு அரை நொடிதான். ஏழரை ஆண்டு எங்கே, அரை நொடி எங்கே! கோடிக்கணக்கான பிட்டுகள் உள்ள சில்லுக்கு 40 போதாது. 60-ஐத் தாண்ட வேண்டும்.

*

தடுப்பை உயர்த்தினால் என்ன? அதே தடுப்பைத் தாண்டித்தான் எழுதவும் வேண்டும். ஆக்சைடு வழியே போகும் மின்னோட்டம் கூடும். 1 நானோமீட்டர் ஆக்சைடின் மேல் அரை வோல்ட் என்றாலே மீட்டருக்கு 50 கோடி வோல்ட். காற்றில் 30 லட்சத்திலேயே பொறி பறக்கும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் அந்த ஆக்சைடு கொஞ்சம் தேய்கிறது. மின்னோட்டத்தைப் பக்கத்திலுள்ள டங்ஸ்டன் பட்டை வழியாக விட்டுத் திருப்பும் முறையும் உண்டு. ஆக்சைடு தப்பிக்கும், ஆனால் ஒவ்வொரு பிட்டுக்கும் இன்னொரு முனை வேண்டும், இடம் கூடும்.

*

சிறிய அளவு, நீண்ட நினைவு, குறைந்த மின்சாரத்தில் எழுதுதல். மூன்றில் இரண்டைத் தாராளமாகக் கேட்கலாம். மூன்றாவதற்கு விலை உண்டு. எல்லா நினைவகத்தையும் எம்ராம் ஒழித்துவிடும் என்று எங்காவது படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை ஆண்டு தாங்கும், எந்த வெப்பநிலையில், எழுத எவ்வளவு மின்னோட்டம்? மூன்றுக்கும் சேர்த்துப் பதில் தராத செய்தியை நம்ப வேண்டியதில்லை.