மெட்டு அவர்களுடையது, மாலை நம்முடையது

இன்று ‘பிராண்டு’ என்று வழங்கும் சொல்லை நம் தந்தையார் காலத்து வணிகர் ‘மார்க்’ என்றே சொல்லி வந்தனர். தீப்பெட்டிக்கு ஒரு மார்க், ஊதுவத்திக்கு ஒரு மார்க், மூக்குப்பொடிக்கு ஒரு மார்க். எழுத்தறியாதவரும் ஒட்டுத்தாளில் உள்ள படத்தைப் பார்த்துப் பொருளைக் கேட்டு வாங்கினர். ஆனால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சிறு கடை போட்டு வாழ்ந்த நம்மவர் பலர்க்கு அச்சிட்ட மார்க் ஏதும் இருந்ததில்லை. கடையில் உட்கார்ந்திருப்பவரின் முகம், அவர் பேசும் மலையாளத்தில் எட்டிப் பார்க்கும் தமிழ், சரக்கின் தரம் ஆகிய மூன்றுமே மார்க். நமது பூக்கடைக்குப் பெயர்ப்பலகை வைத்துப் பல ஆண்டுகள் ஆன பின்னரும், வாடிக்கையாளர் அதனைத் தோவாளைக்காரர் கடை என்றே சொல்கின்றனர்.

தோவாளை இங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நம் பாட்டனார் அங்கிருந்து பூக்கூடையோடு வந்த நாளில் இரண்டு ஊரும் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாம் கேரளத்தில் நின்றோம். இடம் பெயர்ந்தது நாமா, எல்லையா என்று வீட்டில் இன்றும் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு. அது நிற்க.

கடைவாயிலில் நின்று கூவி அழைத்த காலம் போய், கைப்பேசித் திரையில் அரை நிமிடத்திற்குள் அழைக்கும் காலம் வந்திருக்கிறது. 2020 ஜூன் 29ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. ஜூலை 8ஆம் நாளே இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸ் பகுதியை இந்நாட்டில் திறந்தது. ஒரு பாட்டின் துணுக்கு, ஓர் ஆட்ட அசைவு, ஒரு வசனம் எங்கோ ஒருவரால் தொடங்கப்பெறும். ஒரு வாரத்திற்குள் மருத்துவரும் மளிகைக்காரரும் அதையே செய்து காட்டுவர். இதற்கு டிரெண்டு என்று பெயர். இது முழுப் புதுமை என்று இளையோர் எண்ணுகின்றனர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. முற்காலத்துச் சந்தைகளில் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள் விற்கும். ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சிட்டிருப்பர். ஊரார் வாயில் ஏற்கெனவே உள்ள மெட்டு. அதன்மேல் ஏற்றிய சொல் புதிது. தேர்தலுக்கும் பஜனைக்கும் மருந்து விற்பனைக்கும் அவ்வாறே பாடினர். மெட்டைக் கடன் வாங்குவதில் இழிவு ஒன்றும் இல்லை. கடன் வாங்கிய மெட்டில் எதைப் பாடுகிறோம் என்பதே கேள்வி.

சென்ற ஓணத்திற்குச் சில வாரம் முன் அந்தக் கேள்வி நம் வீட்டுக்கே வந்தது. தம்பி மகள் இங்கே ஒரு கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். கடைக்கு ஒரு ரீல்ஸ் எடுக்க வேண்டும் என்றாள். நல்லது என்றோம். எடுக்கக் கருதியதை அவள் விவரித்தபோது நாம் சிறிது நேரம் பேசவில்லை. அவ்வமயம் அவளுடைய தோழியரிடையே ஒரு வசனத் துணுக்கு பரவியிருந்தது. தமிழன் ஒருவன் அரைகுறை மலையாளத்தில் உளறுவதும், எதிரே நிற்பவர் சிரிப்பதும் அதன் பொருள். அதனைப் பாட்டியை வைத்து, நமது கடையிலேயே எடுத்தால் ஊரே பார்க்கும் என்று ஒரு தோழி யோசனை சொல்லியிருந்தாள்.

“விளையாட்டுத்தானே, பெரியப்பா” என்றாள்.

‘பாண்டி’ என்னும் சொல்லை இந்நகரில் எத்தனை குரல்களில் கேட்டிருக்கிறோம் என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்பாகச் சொன்னவர் உண்டு. பள்ளிக்கூடத்தில் நம்மை அழ வைத்தவரும் உண்டு. ஆயினும் பிள்ளையைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. அவளுக்கு அந்தச் சொல் குத்தவில்லை என்றால் அது ஒருவகையில் நல்ல செய்தியே அன்றோ? ஆகவே அறிவுரை எதுவும் சொல்லாமல், இந்நகரத்தில் நடந்த ஒன்றை அவள் கைப்பேசியிலேயே தேடிப் பார்க்கச் சொன்னோம்.

2020 பெப்ருவரி இறுதியில் வியட்நாம் நாட்டில் கொரோனா நோயைப் பற்றி ‘கென் கோ வி’ என்றொரு பாட்டு வெளிவந்தது. குவாங் டாங் என்னும் நடனக் கலைஞர் அதற்குக் கைகழுவும் அசைவுகளால் ஓர் ஆட்டம் அமைத்து, எல்லாரும் ஆடிக் காட்டுமாறு டிக்டாக்கில் அழைத்தார். உலகமே கைகழுவி ஆடத் தொடங்கியது. அடுத்த மாதம், மார்ச் 17ஆம் நாளையொட்டி, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரளக் காவல்துறையும் ஒரு படம் வெளியிட்டது. சீருடை, முகக்கவசம், வரிசையாக நிற்கும் காவலர். கைகழுவும் முறையை ஒவ்வொன்றாக ஆடிக் காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்ட பாட்டு வியட்நாமியப் பாட்டு அன்று. அவ்வாண்டு பெப்ருவரியில் வெளியான ‘அய்யப்பனும் கோஷியும்’ திரைப்படத்தில் அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா இருளர் மொழியில் பாடிய பாட்டு அது. இருள மொழி தமிழுக்கு மிக அணுக்கமானது; நம் வீட்டுப் பாட்டிக்கு அதில் பாதி விளங்கிற்று. அதே அம்மையாருக்கு 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பெற்றது.

அப்படம் ஏன் அவ்வளவு பேரைக் கவர்ந்தது? காவலர் ஆடினர் என்பதற்காக மட்டும் அன்று. அவர்கள் நடிகராக மாறவில்லை. சீருடையைக் கழற்றவும் இல்லை. அணிவகுப்பில் நிற்பது போலவே நின்று, சிறிது கூச்சத்தோடு ஆடினர். மக்களுக்கு அன்று வேண்டியிருந்த ஒன்றைக் கற்பித்தனர். உருவம் வெளிநாட்டது, பாட்டு இம்மண்ணது, வேலை அவர்களுடைய வேலை.

இனி இரண்டாவது படத்தின் கதை. அதே ஆண்டு, அதே துறை, அதே நகரம். மலையாள யூடியூபில் அக்காலத்தில் ‘ரோஸ்ட்’ என்னும் வழக்கம் கொடி கட்டிப் பறந்தது. பிறர் எடுத்த டிக்டாக் படங்களை ஓடவிட்டு, அவர்களைக் கேலி செய்து சிரிக்க வைப்பது அது. ஜூன் மாதத்தில் காவல்துறையின் சமூக ஊடகப் பிரிவினர் ‘பி.சி. குட்டன்பிள்ளை ஸ்பீக்கிங்’ என்னும் பெயரில் அதே வகையில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினர். எதிர்ப்பு மூண்டது. இணையத்தில் ஒருவர் இழிவுபடுத்தப்பெற்றால் முறையிட வேண்டிய இடமே காவல்துறை. அதுவே பெண்களையும் எளியோரையும் கேலி செய்யலாமா என்று பலரும் கேட்டனர். சில நாட்களிலேயே நிகழ்ச்சி கைவிடப்பட்டது.

அந்தத் துறையின் முகநூல் பக்கம் அதற்கு முன்பே நகைச்சுவைக்குப் பெயர் பெற்றது. மக்கள் நாடியை அறியாதவர் செய்த வேலை அன்று அது. அவ்வளவு தேர்ந்தவர்க்கும் அந்த மெட்டு பொருந்தவில்லை. அதன் உள்ளேயே ஒருவரைக் கீழே தள்ளும் சுபாவம் இருந்தது. அதற்கு எந்தச் சீருடை போட்டாலும் மறையாது என்பது நமது கருத்து.

தம்பி மகள் இரண்டையும் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் அப்படியே காப்பியடிப்பது மட்டும் சரியா?” என்று வேறொரு பக்கமாகத் திரும்பினாள். அவள் சுட்டியது செங்கல்சூளைப் பிள்ளைகளை. தலைமைச் செயலகத்திற்கு அருகே உள்ள அக்குடியிருப்புக்கு ராஜாஜி நகர் என்று பெயர் மாற்றியும் பழைய பெயர் நிலைத்திருக்கிறது. பெயரின் பொருளைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. 2021 ஜூலையில், நடிகர் சூர்யாவின் பிறந்த நாளையொட்டி, அங்குள்ள சிறுவர் சிலர் 2009இல் வந்த ‘அயன்’ படத்துப் பாட்டு ஒன்றை ஒரு கைப்பேசியால் மீண்டும் எடுத்தனர். காட்சிக்குக் காட்சி, அசைவுக்கு அசைவு அதே போல. சூர்யாவே அதனைப் பார்த்துப் பாராட்டினார், குரற்செய்தியும் அனுப்பினார்.

உண்மைதான், அவர்கள் ஒன்றையும் மாற்றவில்லை. ஆனால் திரைப்படத்தின் காட்சிக்களத்திற்குப் பதில் அங்கே தெரிந்தது அவர்களுடைய சந்து, அவர்களுடைய மாடிப்படி, அவர்களுடைய சட்டை. குற்றச் செய்திகளிலும் சினிமாக்களிலும் மட்டும் அப்பெயரைக் கேட்டுப் பழகிய நகரத்தார், அதே சந்துகளில் பிள்ளைகளின் உழைப்பைக் கண்டனர். இடமே மார்க் ஆகிவிட்டது. மலையாள நாட்டுத் தலைநகரில் அதற்குக் கருவியானது தமிழ்ப் பாட்டு என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமை, அதை மறைப்பானேன்?

பெரிய நிறுவனங்களில் மிக நாசூக்காகச் செய்தது கேரளச் சுற்றுலாத் துறை. 2025 ஜூன் 14ஆம் நாள் பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர்விமானம் ஒன்று நம் விமான நிலையத்தில் அவசரமாக இறங்கிப் பழுதுபட்டு நின்றது. ஜூலை 22 வரை போகவில்லை. நாடெங்கும் கேலிப் படங்கள். சுற்றுலாத் துறை ஜூலைத் தொடக்கத்தில், அவ்விமானமே கேரளத்தை மெச்சி ஐந்து நட்சத்திரம் தந்தது போன்ற ஒரு படத்தை வெளியிட்டது. அந்தக் கேலியை முதலில் செய்த நையாண்டித் தளத்திற்கு நன்றியும் தெரிவித்திருந்தது. யாரையும் புண்படுத்தவில்லை, சொன்னதெல்லாம் ‘எங்கள் ஊருக்கு வாருங்கள்’ என்னும் பழைய அழைப்புத்தான்.

மூன்று நாள் கழித்துத் தம்பி மகள் வேறொரு திட்டத்தோடு வந்தாள். அவள் தேர்ந்தது விரல் சொடுக்கினால் உடை மாறும் வகை. கைப்பேசியை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி, உள்ளங்கையால் கண்ணாடியை மூடி, பின் திறக்கும்போது காட்சி வேறாக இருக்க வேண்டும். வெட்டும் இடம் தாளத்தின் அடியில் விழ வேண்டும். பெண்கள் சாதாரண உடையிலிருந்து பட்டுக்கு மாற அதைப் பயன்படுத்துவர். இவள் உடைக்குப் பதில் பூவை வைத்தாள். முதலில் கூடையில் உதிரி அரளியும் நொச்சி இலையும். கை மூடித் திறந்தால் முழுமையான மாணிக்கமாலை. நம் ஊரின் சிறப்பான அம்மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருபுறமும் ஒன்றுபோலத் தோன்ற மடித்துக் கட்டுவது அதன் நுட்பம். திரையில் ஒரு நொடி. உண்மையில் அவள் தாயார் உட்கார்ந்து கட்டிய நேரம் இரண்டு மணிக்கு மேல். அவ்வளவு நேரமும் பூப்பெட்டியின்மேல் நிறுத்திய கைப்பேசியை யாரும் தொடக்கூடாது என்று நம்மை அதட்டிக்கொண்டிருந்தாள்.

படத்தில் முகம் எதுவும் இல்லை. நொச்சிச் சாறு படிந்த விரல்கள் மட்டுமே. பாட்டியின் குரல் ஒலித்தது. வழக்கமாக வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியை, “அஞ்சு நிமிசத்துல மாலை வேணுமாம்லா!” என்று அவர் தம் நாஞ்சில் தமிழிலேயே சொல்லிச் சிரிப்பார். கீழே மலையாளத்தில் பொருள் எழுதியிருந்தாள். பார்த்தவர் பாட்டியோடு சேர்ந்து சிரித்தனர்.

பாட்டு விஷயத்தில் ஒரு செய்தியை மற்றக் கடைக்காரரும் அறிந்துகொள்ள வேண்டும். வணிகக் கணக்காகப் பதிந்துகொண்ட கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் எல்லாப் பாட்டுகளையும் தருவதில்லை. திரைப்பாட்டை விளம்பரத்திற்கு எடுத்தாள உரிமையாளரின் இசைவு வேண்டும். ஆகவே பூவில் தண்ணீர் தெளிக்கும் ஓசை, கத்தரிக்கோலின் ஓசை, பெட்டி தட்டும் ஓசை ஆகியவற்றைப் பதிந்து தாளமாக அடுக்கினாள். பரவிய பாட்டின் தாளம் மட்டும் இருந்தது, பாட்டு இல்லை. காலமும் முக்கியம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. இரண்டு வாரம் கழிந்தால் எந்த டிரெண்டும் அப்படியே. அத்தம் முதல் திருவோணம் வரையுள்ள பத்து நாளில் பூ விற்காவிட்டால் பூக்கடைக்கு வேறு ஓணம் ஏது?

அந்த உளறல் வசனத்தை வேறு சிலர் எடுத்து வெளியிட்டனர். நமது படத்தைக் காட்டிலும் பன்மடங்கு பேர் அதைப் பார்த்தனர், ஒளிப்பதற்கில்லை. நமக்கு வந்தது சிறு கூட்டம். ஆனால் ஓணத்திற்குமுன் நெடுமங்காட்டிலிருந்து ஒரு மலையாளக் குடும்பத்தார் வந்து, மாலையின் பெயர் தெரியாமல் கைப்பேசியைத் திறந்து காட்டி, ‘இது கட்டிய அம்மா யார்’ என்று கேட்டனர். தம்பி மனைவி உள்ளேயிருந்து வர வெகுநேரம் பிடித்தது. முப்பது ஆண்டாக மாலை கட்டுகிறவரை அதுவரை ஒருவரும் அப்படிப் பெயர் கேட்டு அழைத்ததில்லை. மகளின் திருமணத்திற்கு இரண்டு மாலை சொல்லிச் சென்றனர்.

அடுத்ததாகத் தோவாளைப் பூச்சந்தையை விடியலில் படமெடுக்க வேண்டும் என்று பிள்ளை துடிக்கிறாள். பாட்டியும் உடன்வரப் புடவை எடுத்து வைத்துவிட்டார். நம்மவரில் கடையோ கைத்தொழிலோ நடத்துவோர், வெட்டும் ஒட்டும் முறையைக் கற்க விரும்பினால் அவள் சொல்லித் தருவாள். நமது கடைக்கே வரலாம். காலை பத்து மணிக்கு முன் மட்டும் வேண்டாம். அப்போது கட்டு வேலை இருக்கும்.