பெயரற்ற ஒரு தாய்

மாத்தளை மாவட்டத்திற் பிறந்தோர்க்குச் சிகிரியாக் குன்று அறிமுகம் வேண்டாத ஒன்று. காசியப்பன் தந்தையைக் கொன்று அரசெய்தியவன் என்பதும் இங்கு சிறுவரும் அறிந்த கதையே. ஆயினும், அக்கதையைச் சொல்வோர், “தாய் குலத்தால் தாழ்ந்தவள், அதனாற்றான் மகனும் அவ்வாறானான்” என்று முடிப்பதைப் பன்முறை கேட்டிருக்கிறேன். அந்தத் தாயைக் குறித்தே ஈண்டுச் சில சொல்ல விழைகின்றேன்.

ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட தாதுசேனனுக்குப் புதல்வர் இருவர். காசியப்பன் ஒத்த குலத்தவளல்லாத தாய்க்கும், முகலன் ஒத்த குலத்துத் தாய்க்கும் பிறந்தனர் என்று மாத்திரமே சூளவம்சம் கூறுகின்றது. கலாவாவியைக் கட்டுவித்த மன்னனின் திருப்பணிகளை விரித்துரைக்கும் அந்நூல், அப்பெண்ணுக்கு ஒரு பெயரைத்தானும் தரவில்லை. அவள் பல்லவ நாட்டினள் என்பது அந்நூலில் இல்லாத, மக்கள் வழக்கில் மட்டும் உள்ள செய்தி.

அரசரின் காதற்கிழத்தியர்க்கு வரலாறு இழைக்கும் அநீதி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றியின் காதலி ரோசமண்ட் கிளிஃபோர்ட் 1176ஆம் ஆண்டளவில் இறந்து, கொட்ஸ்ரோ கன்னியர் மடத்தில் அடக்கஞ் செய்யப்பட்டாள். 1191இல் அங்கு வந்த ஆயர் ஹியூ, அவளது கல்லறையைக் கோயிலுக்கு வெளியே அகற்றுமாறு பணித்தார். பட்டத்தரசி எலினோர் அவளுக்கு நஞ்சூட்டினாள் என்ற கதை பின்னர் எழுந்தது. எலினோரோ 1173 முதல் 1189 வரை கணவனின் காவலில் இருந்தவள்! ஆயினும் ரோசமண்டுக்கு ஒரு பெயரேனும் எஞ்சியது. காசியப்பனின் தாய்க்கு எஞ்சியது பழி ஒன்றே.

அப்பழிக்குச் சூளவம்சத்திலேயே மறுப்பு இருக்கின்றது. தாதுசேனன் தன் மகளைச் சகோதரியின் மகனாகிய சேனாதிபதி மிகாரனுக்கு மணமுடித்தான். குற்றமேதும் செய்யாத அவளை மிகாரன் சாட்டையால் அடித்தான். குருதி தோய்ந்த மகளின் ஆடையைக் கண்ட மன்னன் வெகுண்டு, மிகாரனின் தாயை, தன் உடன்பிறந்தவளையே, எரித்துக் கொல்வித்தான். இதற்குப் பழிவாங்க எண்ணிய மிகாரனே காசியப்பனைத் தந்தைக்கு எதிராகத் தூண்டினான். பெண்கள்மீது நிகழ்ந்த இரு கொடுமைகளே இக்கொலையின் தோற்றுவாய் என்பது இதனாற் பெறப்படும். அடியுண்ட மகளுக்கும் எரியுண்ட சகோதரிக்கும் அந்நூலிற் பெயரில்லை. காசியப்பனின் தாயோ இவற்றில் எதிலும் பங்குகொண்டவளாகக் கூறப்படவில்லை. எனினும் கதை சொல்வோர் அவளையே சுட்டுகின்றனர்.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. எங்கள் தோட்டப்புறத்தில் திருமணப் பேச்சு எழுந்தால், பெண்ணின் கல்வியைக் கேட்குமுன் “தாய்வழி என்ன?” என்று கேட்பர். என் உறவினள் ஒருத்தியின் திருமணம் இவ்வொரு வினாவால் நின்றுபோயிற்று. அவளது குணத்தையோ உழைப்பையோ எவரும் வினவவில்லை. ‘ஒத்த குலத்தவளல்லாத’ என்னும் அளவுகோல் ஏட்டிலிருந்து இறங்கி எங்கள் வாசலிலும் வந்து நிற்கின்றது.

ஒருவனின் செயலுக்கு அவன் பிறப்பைக் காரணமாக்குதல் எளிது. உண்மைக் காரணத்தைத் தேடுதல் அரிது. பல்கலைக்கழகத்திற் கற்கும் நாம் அரியதைச் செய்யக் கடமைப்பட்டவர்கள். சிகிரியாவின் கதையை இனிச் சொல்வோர், தாயின் குலத்திலிருந்தன்று, மிகாரனின் சாட்டையிலிருந்து தொடங்குவாராக.