எழுபது வளைவுக்கு ஒரு கம்பி

நாமக்கல், சேலம் ரோடு. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு ஸ்பிரிங் பட்டறை. வாசல் முழுக்க இரும்புப் பட்டைகள். முழுசானவை சுவரில் சாய்ந்து நிற்கின்றன. முறிந்தவை தனிக் குவியல். அந்தக் குவியலுக்கும் ஆள் உண்டு. அரிவாள் அடிப்பவர் ஒருவர் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சாக்கில் போடுகிறார்.

உள்ளே வெள்ளை பிக்கப் ஒன்று. கொல்லிமலைக்குப் போய் வரும் வண்டி. முன்கண்ணாடியில் ஆஞ்சநேயர். முன் டயர்கள் இரண்டிலும் வெளி ஓரம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறது. நடுப்பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன.

மேஸ்திரி பின்மூலையில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்துகிறார். விடுகிறார். வண்டி எழுகிறது, தாழ்கிறது. மறுபடி எழுகிறது, தாழ்கிறது. அதுவாக ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பிறகு குனிந்து ஷாக் அப்சார்பரை விரலால் தடவுகிறார். எண்ணெய் கசிந்து, அதன்மேல் மலைப்புழுதி அப்பியிருக்கிறது. விரல் கறுப்பாக வெளியே வருகிறது.

"ரெண்டு பட்டை சேத்துப் போட்டுருங்க மேஸ்திரி," என்கிறார் முதலாளி. சட்டைப் பையில் இரண்டு செல்போன்.

"பாரத்துக்குங்களா?"

"பின்னே?"

டிரைவர் வாய் திறக்கவில்லை. இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து வலதுபக்கம் ஒடிக்கிறார். உடம்பு இடதுபக்கம் சாய்கிறது. சாய்ந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் தங்குகிறது. அப்புறம் நிமிர்ந்து, நிற்காமல் மறுபக்கம் போகிறது. "இப்படித்தானுங்ண்ணா வருது," என்கிறார். முதலாளி அப்போது போனில் இருக்கிறார்.

"பட்டை சேத்தாப் பாரம் தாங்குமுங்க," மேஸ்திரி காத்திருந்து சொல்கிறார். "காலியாப் போறப்ப பின்சக்கரம் குதிக்கும். குதிக்கிற சக்கரம் ரோட்டைப் புடிக்காதுங்க."

"காலியாப் போறது ஒரு பக்கந்தானுங்களே?"

ஜாக்கி ஏறுகிறது. அடியில் மரக்கட்டைகள் நுழைகின்றன. யூ போல்ட்டுகள் துருவோடு முனகிக் கழல்கின்றன. அவை திரும்பப் பூட்டப்படுவதில்லை. ஒருமுறை இழுபட்ட போல்ட் என்று மேஸ்திரி ஓரமாக வீசுகிறார். அரிவாள்காரர் திரும்பிப் பார்க்கிறார். போல்ட் அவருக்கு ஆகாது.

சென்டர் போல்ட் வந்ததும் கட்டு பிரிகிறது. பட்டைகள் சாக்கின்மேல் நீளவாக்கில் கிடக்கின்றன. மெயின் பட்டை நீளம். இரண்டு முனையிலும் சுருட்டிய கண். அடுத்தடுத்து ஒவ்வொன்றாகக் குட்டை. ஒன்றோடொன்று உரசிய இடங்கள் பளபளக்கின்றன. மற்ற இடமெல்லாம் துரு. கையாள் சுத்தியால் வரிசையாகத் தட்டிக்கொண்டு வருகிறான். மணிச்சத்தம், மணிச்சத்தம். மூன்றாவதில் வெறும் 'தொப்'. நடு ஓட்டையிலிருந்து விளிம்புவரை மயிரிழையாக ஒரு கோடு.

கண்ணுக்குக் கண் நூல் கட்டப்படுகிறது. நூலுக்கும் பட்டைக்கும் நடுவே அளவுகோல். இடது கட்டு. பிறகு வலது கட்டு. இரண்டுக்கும் ஒரு விரல்கடை வித்தியாசம். சுவரில் சாக்பீஸால் இரண்டு எண்கள். ஏற்கெனவே அங்கே நூறு வண்டிகளின் எண்கள் இருக்கின்றன.

பின்கட்டில் உலை. பட்டை சிவக்கிறது. அச்சில் வளைவு ஏறுகிறது. சிவப்பு மாறாமல் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குகிறது. புகை தகரக் கூரையை முட்டிப் படர்கிறது. இறுகிய பட்டை இப்போது கடினமானது. அடி பட்டால் உடையும். அதனால் மறுபடி உலைக்குப் போகிறது. இந்தத் தடவை சிவக்க விடாமல், மிதமான சூடு. இதற்கு நேரம் பிடிக்கிறது. பக்கத்துப் பட்டறையில் இரண்டாவது சூடு கிடையாது. அங்கே கூலி குறைவு. வாசலில் முறிந்து கிடக்கும் குவியலில் அங்கே வளைந்தவையும் உண்டு.

பழைய ரப்பர் புஷ்கள் துண்டு துண்டாக உதிர்கின்றன. புதியவை பாலியூரித்தேன். சிவப்பு நிறம். கட்டைவிரலால் அமுக்கினால் லேசில் அமுங்குவதில்லை. கையாள் கிரீஸ் தடவி ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுகிறான். வேலைக்கு நடுவே டீ வருகிறது. பேப்பர் கப்புகள் மட்கார்டின்மேல் வரிசையாக உட்காருகின்றன.

பார்சல் ஆபீஸிலிருந்து அட்டை சுற்றிய நீளப்பொருள் ஒன்று வந்து இறங்குகிறது. பிரித்தால், அகலமான 'ப' போல வளைந்த உருட்டுக் கம்பி. கறுப்பு வண்ணம். ஆன்டி ரோல் பார். ஒவ்வொரு முனையிலும் மூன்று ஓட்டைகள்.

முதலாளி அதைத் தூக்கிப் பார்க்கிறார். கீழே வைக்கிறார்.

"இது எத்தனை மூட்டை தாங்குமுங்க?"

"ஒரு மூட்டைகூடத் தாங்காதுங்க."

முதலாளி பில்லைப் பார்க்கிறார். கம்பியைப் பார்க்கிறார். மறுபடி பில்.

மேஸ்திரி கம்பியின் நடுப்பகுதியை இரண்டு கிளாம்பில் பலகையோடு பூட்டுகிறார். இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்குகிறார். கம்பி சுலபமாகச் சுழல்கிறது. "ரெண்டு சக்கரமும் ஒண்ணாப் பள்ளத்துல எறங்குனா இது சும்மா இருக்கும்." கையாளைக் கூப்பிட்டு ஒரு முனையை அமுக்கிப் பிடிக்கச் சொல்கிறார். மறுமுனையைத் தூக்குகிறார். கம்பி முறுக்குகிறது. கையாளின் கை நடுங்குகிறது. மேஸ்திரியின் கழுத்து நரம்பு புடைக்கிறது. விட்டதும் முனை படாரென்று பழைய இடத்துக்கு வருகிறது. டிரைவர் சிரிக்கிறார். முதலாளி போனை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார்.

மதியத்துக்குமேல் எல்லாம் பூட்டியாகிறது. முறிந்த பட்டைக்குப் பதில் ஒன்று, கூடுதலாக ஒன்றுமில்லை. நாலு மூலையிலும் புது ஷாக் அப்சார்பர். பின்அச்சில் கம்பி. மரப்பெட்டிக்குள் துணி சுற்றி வைத்த டார்க் ரெஞ்ச் வெளியே வருகிறது. யூ போல்ட் நட்டுகள் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகின்றன. 'டக்'. அடுத்தது. 'டக்'. கண் போல்ட்டுகளை மட்டும் மேஸ்திரி தொடவில்லை. வண்டி நாலு காலில் தரையில் நின்றபிறகே அவற்றை முறுக்குகிறார். கடைசியாக ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வீல் அலைன்மென்ட் கடை. ஏசி, கம்ப்யூட்டர், அச்சடித்த தாள். தாளைப் பார்க்காமல் மடித்துப் பையில் வைக்கிறார்.

மறுநாள் காரவள்ளி. அடிவாரம். மேலே போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வண்டி காலி. மேஸ்திரி பக்கத்து சீட்டில். டேஷ்போர்டின்மேல் அவருடைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ். யாரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஹாரன். இரண்டாவது கியர். ஸ்டியரிங் முழுக்க ஒடிகிறது. டிரைவரின் இடது கை தானாக நீள்கிறது, நழுவி வரும் பாக்ஸைத் தடுக்க. பாக்ஸ் வரவில்லை. கை அந்தரத்தில் நிற்கிறது. அடுத்த வளைவிலும் நீள்கிறது. நாலைந்து வளைவுகள் போனபிறகுதான் கை கியர் குமிழிலேயே தங்குகிறது.

ஒன்பதாவது வளைவு செங்குத்து. பின்னாலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். உள்பக்கச் சக்கரம் சுமை இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது. மேஸ்திரி கையைக் காட்டுகிறார். வண்டி ஓரம் கட்டுகிறது. சக்கரத்துக்குக் கல். சாக்கை விரித்துப் படுத்து அடியில் நுழைகிறார். கால் இரண்டு மட்டும் வெளியே தெரிகிறது. மேலே ஒரு குரங்கு டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கம்பியின் இணைப்பு நடு ஓட்டையிலிருந்து கடைசி ஓட்டைக்கு மாறுகிறது. கை நீண்டால் கம்பியின் பிடி இளகும். வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம். பதினோராவது வளைவில் சத்தம் இல்லை. பன்னிரண்டில் இல்லை. டிரைவர் திரும்பிப் பார்க்கிறார். மேஸ்திரி ஜன்னலுக்கு வெளியே மிளகுக்கொடிகளைப் பார்க்கிறார்.

சோளக்காடு சந்தை. பலாப்பழம் மலைபோல. அன்னாசிக் கூடைகள், வாழைத்தார்கள். சுமைக்காரர்கள் வழக்கம்போல வாழைத்தாரைக் கீழே அடுக்கத் தொடங்குகிறார்கள். மேஸ்திரி பலாவைக் காட்டித் தரையைக் காட்டுகிறார். கனமானது கீழே. அவர்களுக்குப் புரிகிறது, பிடிக்கவில்லை. இறக்கி மறுபடி ஏற்றுகிறார்கள். கேபினுக்குமேல் ஒரு வரிசை எழும்பும்போது மறுபடி கை காட்டுகிறார்.

"புதுப் பட்டை போட்டிருக்குதாம்ல?" என்கிறார் வியாபாரி.

"ஒசரத்துக்குப் பட்டை இல்லீங்க."

மேல்வரிசை இறங்குகிறது. வியாபாரி போன் எடுக்கிறார். யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

இறக்கம். எழுபதில் தொடங்கி எண்கள் குறைகின்றன. ஏறி வரும் பஸ்ஸுக்காக வண்டி ஒதுங்கி நிற்கிறது. சுமையோடு ஒவ்வொரு வளைவிலும் உடம்பு சாய்கிறது, ஒரே தடவையில் நிமிர்கிறது. பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடிக்கிறது. டிரைவர் அவசரப்படவில்லை. விசில் அடிக்கிறார். பாட்டு பிடிபடவில்லை.

காரவள்ளியில் மறுபடி சாக்கு விரிகிறது. சுமையில் ஓடிய பட்டைக் கட்டு கொஞ்சம் அமர்ந்திருக்கும். யூ போல்ட் நட்டுகள் கால் திருகு வாங்குகின்றன. டிரைவர் பிரேக் டிரம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் வெடுக்கென்று எடுக்கிறார்.

முதலாளியின் போன். டிரைவர் ஸ்பீக்கரில் போட்டு வண்டிக்கடியில் நீட்டுகிறார்.

"மேஸ்திரி, வண்டி எப்படீங்க?"

"நல்லா ஒடியுதுங்க."

"அப்ப இனி எத்தனை ஏத்தலாம்?"

மேஸ்திரி வெளியே நகர்ந்து வருகிறார். எழுந்து, கதவடியில் பெயிண்டால் எழுதியிருக்கும் இரண்டு எண்களை ஸ்பேனரால் தட்டிக் காட்டுகிறார். வெறும் வண்டி எடை, மொத்த எடை. டிரைவர் இரண்டையும் உரக்கப் படிக்கிறார்.

"கழிச்சுக்கங்க. அவ்வளவுதானுங்க," என்கிறார் மேஸ்திரி.

போனில் ஒரு கணம் சத்தமில்லை.

"அது பழைய பட்டைக்கு எழுதுனதுங்களே மேஸ்திரி?"