காபூல் மதிலும் எங்கள் தெருவும்

புதுவயல் மாலை வகுப்பில் ஒரு மாணவி, வெளியுறவுப் பணிக்குப் போனால் எப்படி இருக்கும் என்று கேட்டார். காபூல் இந்தியத் தூதரகத்தைப் பற்றிச் சொன்னோம். அங்கே வேலையும் தூக்கமும் ஒரே மதிலுக்குள். கடைத்தெருவுக்குக் காலாற நடக்க முடியாது. வெளியே கிளம்பினால் குண்டு துளைக்காத வண்டி, துணைக்குக் காவல்.

"இந்தத் தெருவுல போகாதன்னு அவங்களுக்கும் சொல்றாங்களா? நம்மள மாதிரியேதானா?" என்றான் ஒரு தம்பி. அரிசி ஆலை வேலை முடித்து வந்திருந்த அவன் அம்மா சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அவர்களுக்கு அந்தக் கஷ்டத்துக்குப் படி உண்டு. காலம் முடிந்தால் மாற்றலும் உண்டு.

2008 ஜூலை 7 அன்று அந்தத் தூதரக வாசலில் கார் குண்டு வெடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு பிரிகேடியர், ஒரு வெளியுறவு அதிகாரி, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் இருவர். மற்றவர்களில் பெரும்பாலோர் ஆப்கானியர்கள், விசாவுக்கு வந்தவர்கள் உட்பட. 2009 அக்டோபர் 8-இல் மறுபடியும் குண்டு.

2021 ஆகஸ்டில் தாலிபான் வந்ததும் தூதர் முதல் காவலர் வரை விமானத்தில் அழைத்து வந்தார்கள். மூன்று மோப்ப நாய்களும் வந்தன: மாயா, ரூபி, பாபி. நல்ல காரியம்தான். நாய்களின் பெயர் தெரிகிறது. அங்கே சமைத்தவர், கழுவியவர் பெயர் நாங்கள் படித்த எந்தச் செய்தியிலும் இல்லை.

"அந்தப் பரீட்சைக்கு என்ன படிக்கணும்?" என்றார் அந்த மாணவி.

ஏதாவது ஒரு டிகிரி போதும் என்றோம். எழுதிக்கொண்டார்.