கறார் விலையும் கடைசி விலையும்

மணப்பாறையிலோ பொள்ளாச்சியிலோ மாட்டுச் சந்தை கூடும் நாளில் போய் நின்றால், தோளில் கிடக்கும் துண்டுக்கு இருக்கிற இன்னொரு வேலையைப் பார்க்கலாம். தரகர் துண்டை உதறி விரிக்கிறார். அதன் அடியில் அவர் கையும் மாட்டுக்காரர் கையும் சேர்கின்றன. வாய் மழையைப் பற்றியும் தீவன விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, உள்ளே விரல்கள் விலை பேசுகின்றன. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மாட்டுக்காரர் தலையை ஆட்டி மறுக்கிறார். தரகர் கையை விடுவித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், வாங்க வந்தவரின் கையைத் துண்டுக்குள் இழுக்கிறார். இப்படி நாலு நடை நடந்த பிறகு கயிறு கை மாறுகிறது. சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் மாடு விற்றுப்போனது தெரியும். என்ன விலைக்கு என்பது மட்டும் தெரியாது.

இவ்வளவு மறைப்பு எதற்கு? சந்தையில் நிற்கும் எந்த இரண்டு மாடும் ஒன்றல்ல. எத்தனை பல், எத்தனையாவது ஈத்து, சுழி எங்கே இருக்கிறது, மடி எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. விற்பவருக்கு மகள் கல்யாணச் செலவு நெருக்கலாம். வாங்குபவருக்கு வீட்டில் இருக்கும் காளைக்கு ஜோடி தேவைப்படலாம். ஒரு மாடு போன விலை வெளியே தெரிந்துவிட்டால் அடுத்த மாட்டுக்காரர் அதையே பிடித்துக்கொண்டு நிற்பார். அமெரிக்க மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், மொராக்கோவின் சேஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்து 1978இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார்: சந்தையில் எல்லோருக்கும் தட்டுப்பாடாக இருப்பது தகவல், பேரம் அதைத் தேடும் வழி. மணப்பாறைத் தரகரின் பிழைப்பே அந்தத் தகவலில்தான் இருக்கிறது.

சோப்புக்கு இந்தப் பாடு இல்லை. ஒரு கட்டிக்கும் அடுத்த கட்டிக்கும் வித்தியாசம் கிடையாது.

முதலாளியே கல்லாவில் உட்கார்ந்து விற்றவரை எந்தக் கடையிலும் பேரம் நடந்தது. எந்தச் சரக்கில் எவ்வளவு நிற்கும், யாருக்கு எவ்வளவு விட்டுக் கொடுக்கலாம் என்பது அவருக்குத்தான் தெரியும். கடை பெரிதாகி, நூற்றுக்கணக்கான ஆட்கள் சம்பளத்துக்கு விற்க நின்றபோது அது முடியாமல் போனது. ஒவ்வொரு விற்பனையாளரும் தன் இஷ்டத்துக்கு விலை பேசினால் கணக்கு எங்கே நிற்கும்? நியூயார்க்கில் 1846இல் அலெக்ஸாண்டர் ஸ்டூவர்ட் திறந்த பெருங்கடையும், 1852 முதல் பாரிஸில் அரிஸ்டீட் பூசிகோ வளர்த்த போன் மார்ஷே கடையும் பொருளின் மேலேயே விலையை எழுதிவைத்துப் பெயர் வாங்கின. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு சூயிங்கம் பாக்கெட் பார்கோடு கருவியைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு, பில் போடுபவருக்கு விலை தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. சூப்பர் மார்க்கெட் கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணிடம் “கொஞ்சம் குறைச்சுக்கோம்மா” என்று கேட்பதில் பயன் இல்லை. குறைக்கும் அதிகாரம் அவருக்குத் தரப்படவில்லை.

இந்தியாவில் விலையைப் பொட்டலத்தின் மேல் அச்சடிக்கவைத்தது சட்டம். 1977இல் பொட்டலப் பொருள்களுக்கான விதிகள் வந்தன. அப்போது “உள்ளூர் வரிகள் தனி” என்று போட்டுக்கொள்ள இடம் இருந்தது. அந்தச் சாக்கில் கடைக்காரர் சொன்னதே வரி என்றானது. 1990இல் செய்த திருத்தத்துக்குப் பிறகுதான் எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, அதாவது எல்லோரும் சொல்லும் எம்.ஆர்.பி., நிலைபெற்றது. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2011 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் இதைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. பேருந்து நிலையக் கடையில் தண்ணீர் பாட்டிலுக்குக் ‘கூலிங் சார்ஜ்’ என்று இரண்டு மூன்று ரூபாய் சேர்த்து வாங்குவது குற்றம். ஒரே பொருளுக்குத் தெருக்கடைக்கு ஒரு விலை, தியேட்டருக்கு ஒரு விலை என்று இரண்டு எம்.ஆர்.பி. அச்சடிப்பதும் 2018 ஜனவரி முதல் கூடாது. ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு மட்டும் இந்தக் கவசம் கிடையாது: பாட்டில் தண்ணீருக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் ஹோட்டல்கள் வாங்கலாம், அவை வெறும் பொருளை விற்கவில்லை, சேவையும் தருகின்றன என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எம்.ஆர்.பி. ஓர் உச்சவரம்பு. அதற்கு மேல் போகக்கூடாது என்பதே சட்டம். கீழே இறங்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் அச்சில் ஏறிய எண்ணுக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. அதுவே பொருளின் நியாய விலை என்று பலர் கேட்காமலே கொடுத்துவிடுகிறார்கள். அண்ணாச்சிக் கடையில் மாதச் சாமான் வாங்கும் பழைய வாடிக்கையாளர்கள் அப்படி இல்லை. “மொத்தமா எடுக்குறோம், பார்த்துப் போடுங்க அண்ணாச்சி” என்ற ஒரு வார்த்தையில் எண்ணெய்க்கும் பருப்புக்கும் சோப்புக்கும் சில ரூபாய் குறையும். அவரும் கையில் பென்சிலோடு, சீட்டின் கடைசி வரியில் கூட்டுத்தொகையை அடித்து, வேறு எண் எழுதிக் கொடுப்பார்.

இப்படிக் கேட்டே ஆக வேண்டிய இடம் மருந்துக் கடை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதம் தவறாமல் மாத்திரை வாங்கும் முதியவர்கள் அட்டையின் பின்னால் அச்சடித்த விலையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிறார்கள். அடுத்த தெருவிலேயே 10 சதவீதம், 20 சதவீதம் தள்ளுபடி என்று பலகை தொங்குகிறது. அதே மூலப்பொருள் கொண்ட பொதுப்பெயர் மருந்து மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் இன்னும் குறைவாகக் கிடைக்கிறது. எம்.ஆர்.பி.க்கும் கடைக்காரர் வாங்கிய விலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி நோயாளிக்குத் தெரிவதே இல்லை. தெரியாத இடத்தில்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

சூப்பர் மார்க்கெட்டில் பேரமே கிடையாது என்று நினைப்பதும் சரியல்ல. அங்கே பேரம் கடை திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதில் வாடிக்கையாளர் இல்லை, அவ்வளவுதான். எந்தச் சரக்கு கண் மட்டத்தில் நிற்க வேண்டும், எந்த பிஸ்கட்டுக்கு இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம், சங்கிலிக் கடைக்கு எவ்வளவு லாபம் என்பதெல்லாம் நிறுவனமும் கடையும் உட்கார்ந்து பேசி முடித்தவை. 2021 டிசம்பரில் நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு கிளப்பிய பிரச்சினையில் இது கொஞ்சம் வெளியே தெரிந்தது. பெரிய மொத்த வியாபார நிறுவனங்களுக்கு ஒரு விலை, காலங்காலமாகத் தெருக்கடைக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தங்களுக்கு அதைவிடக் கூடுதல் விலையா என்று விநியோகஸ்தர்கள் கேட்டார்கள். 2022 புத்தாண்டு முதல் ஒத்துழைக்க மாட்டோம் என்று எச்சரித்தார்கள். லாரிக் கணக்கில் வாங்குகிறவருக்கும் பெட்டிக் கணக்கில் வாங்குகிறவருக்கும் விலை ஒன்றல்ல. பெட்டிக்கடைக்காரருக்கு மட்டும் துண்டுக்கு அடியில் கை விடும் வாய்ப்பு இல்லை.

ஆனாலும் கறார் விலையைக் குறை சொல்லித் தள்ளிவிட முடியாது. பேரம் பேசத் தெம்பும் நேரமும் வாயும் வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர், மொழி தெரியாத ஊரில் வேலைக்கு வந்தவர், அம்மா கொடுத்தனுப்பிய காசைக் கையில் பொத்திக்கொண்டு வரும் சிறுமி, இவர்களுக்கெல்லாம் எழுதிவைத்த விலைதான் பாதுகாப்பு. ‘ஆளைப் பார்த்து விலை சொல்வது’ என்று ஊரில் சொல்வார்கள். இயன் ஏயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் அதைச் சிகாகோ வட்டாரத்துக் கார் விற்பனைக் கடைகளில் சோதித்துப் பார்த்து 1991இல் வெளியிட்டார். ஒரே மாதிரி உடுத்தி, ஒரே மாதிரி பேசப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பினார். வெள்ளைக்கார ஆண்களுக்குக் குறைந்த விலை கிடைத்தது. பெண்களுக்கும் கறுப்பினத்தவர்களுக்கும் அதைவிட அதிகம் சொன்னார்கள். பேச்சுத் திறமையில் வித்தியாசம் இல்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தவரின் முகத்தில்தான் வித்தியாசம். சாதியும் உடையும் பேச்சும் பார்த்து மரியாதை அளக்கிற நம் ஊர்களிலும் விலைச்சீட்டு ஒட்டிய கடைக்குள் தயங்காமல் நுழைய முடிந்தது எத்தனையோ பேருக்குப் பெரிய விடுதலை.

கறார் விலைக்கும் ஒரு நிபந்தனை உண்டு: அது செலவோடு சேர்ந்து நகர வேண்டும். சென்னை ஆட்டோக்களுக்கு 2013 ஆகஸ்டில் அரசு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். கொஞ்ச காலம் மீட்டர் ஓடியது. எரிபொருள் விலை ஏறிக்கொண்டே போக, கட்டணம் பல ஆண்டுகள் திருத்தப்படாமல் கிடந்தது; “மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க சார்” திரும்பி வந்தது. ஓட்டுநரின் பேராசை என்று மட்டும் அதைச் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது.

பேரம் அதிகச் சத்தத்தோடு நடப்பது தள்ளுவண்டியில்.

“கீரை எவ்வளவுக்கா?”

“கட்டு இருபதும்மா.”

“முப்பதுக்கு ரெண்டு குடுங்க.”

“கட்டுபடியாகாதும்மா, காலைல எடுத்ததே அந்த விலை. இன்னும் போணியே ஆகல.”

அந்த அக்காவின் கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011இல் வெளியிட்ட தங்கள் நூலில் சென்னைப் பழ வியாபாரிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். காலையில் மொத்த வியாபாரியிடம் ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கைக் கடனாக எடுத்தால், இரவு சராசரியாக 1,046 ரூபாய் 90 காசு திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு 4.69 சதவீதம் வட்டி. சாயங்காலத்துக்குள் விற்காத கீரை வாடிவிடும், வட்டி வாடாது. வெயில் ஏறும் முன் இருபது ரூபாய் சொன்ன கட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் பத்துக்கு இறங்குவதற்குக் காரணம் யாருடைய பேச்சுத் திறமையும் அல்ல. 2020 ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்கென்று மத்திய அரசு தொடங்கிய கடன் திட்டத்தில் முதல் தவணையாக 10,000 ரூபாய் கிடைத்தது. அந்தத் தொகை தினவட்டிக்காரரிடமிருந்து ஒருவரை விடுவித்தால், ஆயிரம் ரூபாய்க்குத் தினமும் 47 ரூபாய் அவர் கையில் மிஞ்சும். வாங்குபவர் அடித்துப் பேசி மிச்சம் பிடிக்கும் ஐந்து ரூபாயை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தினமும் ஒரே வண்டியில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பேரமே பேசுவதில்லை. அழுகல் இல்லாத தக்காளி தானாகப் பைக்குள் விழுகிறது, கொசுறாகக் கறிவேப்பிலையும் வருகிறது. உழவர் சந்தை வேண்டுமானால் விலைப்பலகையோடு இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலாவது திறந்த நாளிலிருந்து அதன் அடிப்படையே அன்றன்றைக்கு எழுதிப்போடும் விலைதான்.

கீரைக்கட்டுக்கு மல்லுக்கு நிற்கும் அதே குடும்பம் நகைக்கடைக்குள் நுழைந்ததும் அமைதியாகிவிடுகிறது. ஏசி, குளிர்பானம், கும்பிடு, உட்கார நாற்காலி. அன்றைய கிராம் விலை பலகையில் ஓடுகிறது. அதில் யாரும் கை வைக்க முடியாது. பேச வேண்டிய இடம் சேதாரமும் செய்கூலியும். தங்கத்தை உருக்கி, தட்டி, அரத்தில் ராவும்போது ஆசாரியின் பட்டறையில் உதிரும் தூளுக்காக ஏற்பட்டது சேதாரம். இயந்திரத்தில் வார்த்த சங்கிலியில் அவ்வளவு உதிர்வதில்லை. சதவீதம் மட்டும் கடைக்குக் கடை, டிசைனுக்கு டிசைன் வேறாக நிற்கிறது. ஐந்து பவுன் ஆரம் என்றால் 40 கிராம். 18 சதவீதச் சேதாரம் 7.2 கிராம்; அதை 12 சதவீதமாகக் குறைத்தால் 4.8 கிராம். வித்தியாசம் 2.4 கிராம். கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 24,000 ரூபாய். அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் மிச்சம். நகையை நாளைக்குத் திருப்பி விற்கப் போனால் சேதாரத்தில் ஒரு பைசா திரும்பாது. ஆகவே கேட்க வேண்டியதை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்: கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்க எடை போட்டிருக்கிறதா, பில்லில் தங்கம், சேதாரம், கல், வரி தனித்தனியாக வருமா, 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான ஆறு எழுத்து ஹால்மார்க் அடையாள எண் நகையில் எங்கே இருக்கிறது.

முகூர்த்த மாதங்களில் எந்த ஊர் நகைக்கடையிலும் இப்படிக் கேட்கும் ஓர் அம்மாவாவது இருப்பார். மகள் ஆரத்தைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்க, அவர் கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பி வைக்கிறார்.

“சேதாரம் எவ்வளவு தம்பி?”

“இந்த டிசைனுக்குப் பதினெட்டும்மா.”

“எதிர் கடையில பதிமூணு சொன்னாங்க.”

“மேனேஜரைக் கேட்டுட்டு வர்றேன்மா.”

தம்பி போய்விட்டுத் திரும்பி வருகிறார். “உங்களுக்காகப் பதினாலு போட்டுக்கச் சொன்னாரும்மா.”

அம்மா ஆரத்தைக் கீழே வைக்கவில்லை. “பன்னெண்டு போடுங்க தம்பி. சின்னவளுக்கும் அடுத்த தை மாசம் எடுக்கணும்.”