தப்பு எங்கே?

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என் அப்பா. கோயில் திருவிழா என்றால் அவர் கையில் தப்பு இருக்கும். பக்கவாதம் வந்த பிறகு இடது கை ஒத்துழைப்பதில்லை. சிரம்பான் வீட்டில் உட்கார்ந்து, வலக்கை விரல்களால் மேசையைத் தட்டுவதோடு சரி.

நான்காம் படிவம் படிக்கும் அண்ணன் மகன் அதைக் கவனித்திருக்கிறான். நான்கு ரப்பர் துண்டுகளுக்கு அடியில் பீசோ வட்டுகளை ஒட்டி, 'ஆர்டுவினோ ஊனோ' பலகையில் இணைத்து, அதை யூஎஸ்பி வழியாக மடிக்கணினியில் செருகினான். தாத்தா விரலால் தட்டினால் தப்பு ஒலிக்க வேண்டும், அவருடைய அடிகள் அப்படியே பதிவாக வேண்டும் என்பது அவன் ஆசை.

பலகையில் விளக்கு எரிந்தது. கணினியில் எதுவும் வரவில்லை.

"பலகை செத்துப் போச்சு சித்தப்பா. வேற வாங்கணும்."

செனவாங் தொழிற்சாலையில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. பேச்சு எந்த இடத்தில் நின்றது என்று பார்க்காமல் பொருளை மாற்றுவது எங்கள் வழக்கமில்லை. இருவரும் வரிசையாகப் பார்த்தோம்.

முதலில் கேபிள். சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜ் செய்ய மட்டும் செய்த மலிவான கேபிள்களில் தகவல் கம்பிகளே இருக்காது. கேபிளை மாற்றியதும் கணினி பலகையை அடையாளம் கண்டது.

ஆனால் திரையில் வந்ததெல்லாம் கிறுக்கல். பலகை விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் பேசியது. திரை 9,600 வேகத்தில் கேட்டது. இரண்டையும் 115,200 ஆக்கினோம். அப்போதும் புரியாத குறிகள். காரணம், 1983இல் வந்த 'மிடி' இசை மொழி எழுத்துகளால் ஆனதல்ல, எண்களால் ஆனது. எண்ணாகக் காட்டச் சொன்னோம்: 144, 60, 100. ஒலியைத் தொடங்கு, இந்த ஸ்வரம், இவ்வளவு அழுத்தம். பலகை சாகவில்லை, சரியாகவே பேசிக்கொண்டிருந்தது.

இசை மென்பொருளுக்கு மட்டும் இன்னும் கேட்கவில்லை. ஊனோ பலகை தன்னை இசைக்கருவியாகக் காட்டிக்கொள்ளாது. சாதாரணத் தகவல் வாயிலாகத்தான் கணினிக்குத் தெரியும். 'லியோனார்டோ' வகைப் பலகை என்றால் நேரடியாகவே மிடி கருவியாக இயங்க வைக்கலாம். நாங்கள் இலவசப் பாலம் மென்பொருள் ஒன்றை இடையில் வைத்தோம். பையன் தட்டினான். வீடு அதிர்ந்தது.

அப்பா தட்டினார். சத்தமே இல்லை.

பையனின் முகம் வாடிவிட்டது. மறுபடி எண்களைப் பார்த்தோம். 200க்குக் குறைந்த அதிர்வை அடியாக எடுத்துக்கொள்ளாதே என்று நிரலில் எழுதியிருந்தான். அது பதினாறு வயதுக் கைக்கான கணக்கு. அப்பாவின் விரல் 70ஐத் தாண்டவில்லை. எல்லையை 40க்கு இறக்கினோம்.

அடுத்த தட்டில் தப்பு முழங்கியது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தோலு இன்னும் காயலடா. நெருப்புல காட்டு."

பையன் சிரித்துக்கொண்டே ஒலியின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றினான். அப்பா தலையாட்டினார். அன்று இரவு பத்து மணி வரை ஒவ்வோர் அடியாகத் தட்டிக் காட்டினார். பேரன் பெயர் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்தான்.